பிசிஎக்ஸ் அண்ணன்

உலகத்தில் கணினி வைத்திருக்கும் அத்தனை பேரும் பொய்யர்கள். இணையத்தளங்களில் ‘விதிமுறைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு சின்னச் சதுரம் வருமே, அதில் ஒரு வரிகூடப் படிக்காமல் டிக் போட்டுவிட்டுப் போகிறோமா இல்லையா? நானும் போடுகிறேன், நீங்களும் போடுகிறீர்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, வாய்விட்டு, திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு டிக் போட்ட ஒரே ஒரு மனிதரை என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். அவர்தான் பிசிஎக்ஸ் அண்ணன்.

மலேசியாவின் சுங்கை பட்டாணி நகரில், பாக்கார் ஆராங் பகுதியில் ஒரு கடைவரிசை. அதில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் நான் சில வருடம் கிளார்க்காக இருந்தேன். பக்கத்துக் கடை அண்ணனுடையது. பெயர்ப்பலகை, கேடயம், கல்லறைக் கல் மூன்றும் செய்வார். “மனுஷன் உத்தியோகத்துல சேர்ந்தா பலகை, ஜெயிச்சா கேடயம், போயிட்டா கல்லு. கல்யாணம் ஒன்னுதான் தங்கச்சி நம்ம கையில இல்ல” என்பார். அவருடைய நிஜப் பெயரை நான் கேட்கவே இல்லை. ஊருக்கெல்லாம் பெயர் செதுக்கியவர், தன் கடைக்கு மட்டும் பெயர் வைக்காமல் விட்டிருந்தார்.

பட்டப்பெயர் வந்த கதை இதுதான். அவரிடம் இருந்த செதுக்கும் இயந்திரம் பினாங்கில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கியது. அதோடு சேர்ந்து வந்த கணினி, இயந்திரத்துக்கும் மூத்தது. அந்த இரண்டுக்கும் ஒரே ஒரு வகைப் படக்கோப்புதான் தெரியும். அதன் பெயர் பிசிஎக்ஸ். நாம் இன்று கைப்பேசியில் எடுக்கும் படமெல்லாம் ஜேபெக். பிசிஎக்ஸ் அதற்கும் முந்திய காலத்துச் சரக்கு. இப்போதைய கணினிகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் திருதிருவென்று விழிக்கும். ஆகவே படத்தோடு வரும் எவரிடமும் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, “பிசிஎக்ஸ்ல இருக்கா?” என்பதுதான். ஒருவரிடமும் இருந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கையோடுதான் கேட்பார்.

அதே பெயரில் ஒரு ஸ்கூட்டரும் ஊரில் ஓடிக்கொண்டிருந்தது பெரிய வம்பு. மாதத்துக்கு ஒருவராவது ‘பிசிஎக்ஸ் கடை எது’ என்று விசாரித்துக்கொண்டு ஸ்கூட்டர் வாங்க வந்துவிடுவார். அண்ணன் கோபிக்க மாட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, படக்கோப்புகளின் வரலாற்றைச் சொல்லுவார். வந்தவர் முக்கால் மணி நேரம் கழித்து, அறிவு நிறைந்து, நடந்தே வீட்டுக்குப் போவார்.

ஜேபெக் மேல் அண்ணனுக்கு இருந்த பகை கொஞ்சநஞ்சமல்ல.

“தங்கச்சி, ஜேபெக் இருக்கே, அது திருட்டுப்பய ஃபைல்லா. படத்த சுருக்குறேன்னு சொல்லிட்டுப் பாதிப் புள்ளிய முழுங்கிடும். கேட்டா, ‘உன் கண்ணுக்குத் தெரியாது’ங்கும். என் கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்ல அது யாரு?”

“பிசிஎக்ஸ் முழுங்காதா அண்ணே?”

“ஒரு புள்ளி குடுத்தா ஒரு புள்ளி திருப்பிக் குடுக்கும். பத்து குடுத்தா பத்து. அப்படி ஒரு ஆள இந்தப் பாக்கார் ஆராங்குல எனக்குக் காட்டு, பாப்போம்.”

மனிதர்களையும் அவர் புள்ளிக் கணக்கில்தான் பார்ப்பார். தபால்காரருக்கு முப்பதாயிரம் புள்ளி போதுமாம். எங்கள் முதலாளி மரகதம் அக்காவுக்கு, கொண்டையைச் சேர்க்காமல், ஐம்பதாயிரம். ஒருநாள் என் முகத்தையே கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு எவ்ளோ அண்ணே?” என்றேன். “முகத்துக்கு ஒன்னும் பிரச்சினை இல்லம்மா. அந்தச் சிரிப்புக்குத்தான் தனியா வேணும்” என்றார். பாராட்டா, குறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இயந்திரம் ஓடும்போது கடையில் யாரும் தும்மக்கூடாது, கதவை அறையக்கூடாது. லேசாக அதிர்ந்தாலும் கோடு விலகிவிடுமாம். தும்மலையும் கதவையும் அடக்கலாம், லாரியை என்ன செய்வது? ஒரு மண்டபத் திறப்பு விழாவுக்காக டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவரின் முகத்தைக் கறுப்புக் கல்லில் செதுக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிகள் அன்று பார்த்து வரிசையாக வந்தன. அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு நடுச்சாலையில் போய் நின்றுவிட்டார். குடையை விரித்து, கையை நீட்டி, வருகிற லாரியை எல்லாம் நிறுத்தினார். பின்னால் கார்கள், அதற்குப் பின்னால் பள்ளி வேன். ஹாரன் சத்தம் பசார்ச் சந்தை வரைக்கும் கேட்டது. கடைசியில் மோட்டோவில் ஒரு போலீஸ்காரர் வந்து இறங்கினார்.

“அபா ஹால் இனி?” என்று அதட்டினார். என்ன சங்கதி இது என்று அர்த்தம்.

அண்ணன் குடையைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு, “எஞ்சே, லீமா மினிட் சாஜா. டத்தோ பூஞா ஹிடுங்” என்றார். ஐந்தே நிமிடம் ஐயா, டத்தோவின் மூக்கு.

போலீஸ்காரர் என்ன நினைத்தாரோ, கடைக்குள் எட்டிப் பார்த்தார். கல்லில் நெற்றியும் கண்ணும் வந்திருந்தன. மூக்கு பாதியில் இருந்தது. வெளியே வந்து, தானே கையைக் காட்டி லாரிகளைப் பக்கத்துச் சாலை வழியாகத் திருப்பிவிட்டார். மூக்கு நன்றாகவே வந்தது. சொல்லப்போனால், டத்தோவின் சொந்த மூக்கைவிடக் கல்லில் இருந்ததுதான் அழகு என்று விழாவில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணனின் கடையில் இணையம் கிடையாது. “அந்தக் கெழவன் கம்ப்யூட்டருக்கு நெட்டு குடுத்தா மாரடைப்பு வந்துரும்லா” என்பார். ஆகவே ஜேபெக்கைப் பிசிஎக்ஸாக மாற்ற எங்கள் அலுவலகத்துக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருக்கும் பிளாப்பி டிரைவை எடுத்து என் கணினியில் செருகுவார். பிறகு, படத்தைக் கொடுத்தால் வேறு வகையாக மாற்றித் தரும் இலவச இணையத்தளம் ஒன்றைத் திறந்து, விதிமுறையை வாசிக்கத் தொடங்குவார். புரியாத ஆங்கிலத்துக்கு என்னிடம் அர்த்தம் கேட்பார். அந்நேரம் எல் லைசன்ஸ் பதிய வந்தவர்கள் எல்லாரும், கோப்பு தொலைந்தால் தளம் பொறுப்பேற்காது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டுதான் கார் ஓட்டப் போனார்கள். மாற்றி முடித்ததும் ‘உங்கள் கருத்து’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு தடவையும், ‘தேங்க் யூ, காட் பிளஸ் யூ, ஃப்ரம் சுங்கை பட்டாணி’ என்று தட்டி அனுப்புவார். பதில் வந்ததே இல்லை. “பாவம், ஆளு பத்தாம இருப்பாங்க” என்பார்.

அந்தத் தளங்களில் ‘டவுன்லோட்’ என்று பச்சையாகப் பெரிய பொத்தான் ஒன்று இருக்கும். அது விளம்பரம். உண்மையான பொத்தான் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். அண்ணன் ஒருமுறை பச்சையைத் தட்டிவிட்டார். மறுநாள் மரகதம் அக்கா, லைசன்ஸ் எடுக்க மகளை அழைத்து வந்திருந்த பாதிரியாருக்குக் கட்டண விவரம் காட்டத் திரையைத் திருப்பினார். அங்கே சூதாட்டச் சக்கரம் ஒன்று இசையோடு சுற்றிக்கொண்டிருந்தது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அண்ணனை மூன்று வாரம் உள்ளே விடவில்லை. அந்த மூன்று வாரமும் அவர் வாசற்படியில் நின்றபடி, “தங்கச்சி, கீழ, இன்னும் கீழ, பச்சையத் தொடாத, சாம்பக் கலர்” என்று எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். ஒரு புதன்கிழமை காலையில் புனிதா வந்தாள்.

மெர்போக் பக்கத்தில் ஒரு கம்போங்கில், சின்னக் கிராமம்தான், வீடு. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். அவளைக் கொண்டுவந்து விட்ட கணவன் மோட்டோவை விட்டு இறங்காமல், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் அண்ணனின் கடைக்குள் போய்ச் சற்று நேரத்தில் அவர் அவளை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

எட்டாவது மாதத்தில் வயிற்றிலேயே குழந்தை இறந்துவிட்டதாம். பெண் குழந்தை. அடக்கம் செய்து நான்கு மாதம் ஆகிறது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கல் வைக்க வேண்டும். கல்லில் குழந்தையின் படம் வேண்டும். படம் என்று அவளிடம் இருந்தது ஸ்கேன் எடுத்தபோது கிளினிக்கில் கொடுத்த தாள் ஒன்றுதான். அந்த வழவழத் தாளில் சூடு பட்டால் படம் மங்கி மறைந்துவிடும். வேலைக்குப் போகும்போதெல்லாம் கைப்பையில் வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். எடுத்துக் காட்டினாள். வெறும் சாம்பல் தாளாக இருந்தது.

“இதோட ஒரு சீடியும் குடுத்தாங்க அண்ணே” என்றாள். “அதுல இருக்கா இல்லயான்னுகூட நான் பாக்கல. கிளினிக்குல போய்க் கேட்டாக் குடுப்பாங்க. எனக்கு அந்த வாசல மிதிக்க முடியல.”

டிரைவிங் ஸ்கூல் பாடங்களைப் போடுவதற்காக எங்கள் கணினியில் சீடி ஓடும். போட்டேன். உள்ளே இருந்த கோப்பு ஜேபெக்கும் இல்லை, பிசிஎக்ஸும் இல்லை. ஸ்கேன் இயந்திரங்களுக்கென்றே உள்ள மருத்துவக் கோப்பு. அதைத் திறக்க சீடியிலேயே ஒரு புரோகிராம் இருந்தது. எங்கள் கணினியில் அது ஓட மறுத்துவிட்டது.

அண்ணன் முதல் தளத்தைத் திறந்தார். அது ஜேபெக்காக மட்டும்தான் மாற்றும். மூடினார். இரண்டாவது தளம் அந்தக் கோப்பை ஏற்கவில்லை. மூன்றாவது ஏற்றுக்கொள்ளும், பிசிஎக்ஸாகவும் தரும். விதிமுறையை வாசிக்க ஆரம்பித்தார். அன்று சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டு நாற்காலியைப் புனிதா பக்கம் திருப்பினார்.

“அம்மாடி, இந்த மாதிரி ஃபைல்ல உன் பேரு, ஐசி அடையாள அட்டை நம்பர் எல்லாம் உள்ள இருக்கும். எங்கேயோ வெளிநாட்டுல இருக்குற மெஷினுக்கு இது போகுது. ஒரு மணி நேரத்துல அழிச்சிருவோம்னு எழுதியிருக்காங்க. உனக்குச் சம்மதமா? வேணாம்னா வேற வழி பாப்போம். அவசரம் இல்ல.”

நான்கு மாதமாக யாரும் அவளிடம் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் ஆறுதல்தான் சொல்லியிருப்பார்கள். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அனுப்புங்க அண்ணே” என்றாள்.

கோப்பு போனது, மாறியது, இறங்கியது. பழைய வகைப் படம் திறக்கவென்று அண்ணன் என் கணினியில் ஏற்றி வைத்திருந்த சின்ன மென்பொருளில் திறந்தேன். முழுக் கறுப்பு. மேலே ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான்.

புனிதா அந்தச் சாம்பல் தாளை உள்ளே வைத்தாள். கைப்பையை மூடினாள். அந்தப் பொத்தான் ‘டிக்’ என்று மூடிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“இரு, இரு. எந்திரிக்காத” என்றார் அண்ணன். மறுபடி தளத்துக்குப் போனார். “தங்கச்சி, அங்க அடியில என்னமோ படிச்சேன். ‘ஃப்ரேம்’னு ஒரு வார்த்தை. சின்ன எழுத்து. எல்லாத்துக்கும் கீழ.”

இருந்தது. எல்லா விதிமுறைக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில் ஒரு வரி: கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தால் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுக்கவும். பக்கத்தில் ஒரு சதுரம். உலகத்தில் வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. அண்ணன் டிக் போட்டார்.

இந்த முறை வந்தது ஒரு படமல்ல, அறுபத்து நான்கு. சீடியில் இருந்தது ஒற்றை ஸ்கேன் படம் அல்ல, சில விநாடி ஓடும் காட்சி. எந்திரம் தொடங்கும் முன் விழுந்த வெறும் கறுப்புதான் முதல் படம். அண்ணன் அம்புக்குறி விசையை அழுத்தினார். இரண்டு, கறுப்பு. மூன்றாவதில் ஏதோ வெளிச்சம். ஏழாவதில் நெற்றி, மூக்கு, உதடு. பதினைந்தாவதில் நெஞ்சருகே ஒரு கை. அவர் விசையை விடாமல் அழுத்த, படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. கை மெல்ல எழுந்து, வாய்வரை போய், விரல் விரிந்தது.

புனிதா எழுந்து நின்றுவிட்டாள்.

“அண்ணே, மறுபடி அமுத்துங்க.”

அழுத்தினார்.

“இன்னொரு தடவ.”

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. திடீரென்று அவள் வாசலுக்கு ஓடினாள். “என்னங்க! வாங்களேன். வந்து பாருங்க. கைய அசைக்கிறா நம்ம புள்ள!”

அவன் தலைக்கவசத்தோடேயே உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். இருவரும் என் மேசைக்குப் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அண்ணன் அழுத்திக்கொண்டே இருந்தார். கட்டைவிரல் வலித்ததும் ஆள்காட்டி விரலுக்கு மாற்றினார். மரகதம் அக்கா உள்ளறையிலிருந்து ஏதோ கேட்க வந்தவர், கதவோரம் அப்படியே நின்றுவிட்டார்.

நாற்பத்தொன்றாவது படத்தைப் புனிதா தேர்ந்தெடுத்தாள். விரல்கள் கன்னத்தைத் தொடும் இடம்.

“பேரு என்ன போடணும்?” என்று அண்ணன் கேட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெயர் இல்லாமல் அவர் கல் செய்வதில்லை. அது அந்தக் கடையின் சட்டம். ஆனாலும் அன்று, “இல்லேன்னா வேணாம். படம் மட்டும் போதும்” என்றார்.

“இருக்கு” என்றான் கணவன். அந்தக் காலையில் அவன் பேசிய முதல் வார்த்தை அது. மேசையிலிருந்த பதிவுப் பாரத்தின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினான். ‘யாளினி.’

எழுத்துப் பிழையோடு வந்த கோவில் கமிட்டித் தலைவரையே கடையை விட்டுத் துரத்தியவர் அண்ணன். தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். “நல்ல பேருப்பா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சிறப்பு ழகரம் போட்டுக்கவா? கல்லுல நல்லா இருக்கும்” என்று கேட்டார். அவன் தலையசைத்தான்.

அவர்கள் இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்ன அண்ணே, வேலைதான் முடிஞ்சிருச்சே?”

“ஒரு மணி நேரத்துல அழிச்சிருவோம்னு சொல்லியிருக்காங்கல்ல. அந்தப் பொண்ணுகிட்ட நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

அந்த ஒரு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் படத்தின் மேலே இருந்த புனிதாவின் பெயரையும் எண்களையும் மவுஸால் புள்ளி புள்ளியாக அழித்துக் கறுப்பாக்கினார். மணி ஆனதும் தரவிறக்கச் சுட்டியைத் தட்டினார். ‘நீங்கள் கேட்ட கோப்பு இங்கே இல்லை’ என்று சிவப்பில் பிழைச் செய்தி வந்தது. கணினியில் பிழைச் செய்தி பார்த்து ஒருவர் இரு கைகூப்பிக் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கல் தயாரானது. இரண்டு கை அகலம்தான் இருக்கும். கறுப்புக் கல்லில் வெள்ளைப் புள்ளிகளாய் ஒரு முகம், கன்னத்தில் ஐந்து விரல், கீழே யாழினி. கூடவே புதுச் சீடி ஒன்றில் அறுபத்து நான்கு படங்களையும் போட்டுக் கொடுத்தார். கைப்பேசியில் பார்க்கட்டும் என்று அவற்றை ஜேபெக்காகவும் மாற்றிச் சேர்த்திருந்தார். ஆமாம், ஜேபெக்காக. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

புனிதா கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மோட்டோவில் ஏறினாள். கணவன், முட்டைத் தட்டு ஏற்றிய ஆள்போல, அத்தனை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். பின்னாலிருந்து கார்கள் ஹாரன் அடித்தன. அவன் காதில் வாங்கவில்லை.

அண்ணன் கடையைப் பாதி சாத்திவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் படம் இல்லை, பிஸ்கட் டின் இல்லை.

“எதுவும் மாத்தணுமா அண்ணே?”

“இல்லம்மா. சும்மாதான். மெஷின நிறுத்துனதும் கடை ஒரு மாதிரி அமைதியாப் போச்சு. இங்க கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கட்டா?”

மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நாளாக அவர் சரியாகத் தூங்கியதாகவே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். சற்று நேரத்தில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்லக் குறட்டை வந்தது.

பதினொரு மணி வகுப்புக்கு மாணவர்கள் வந்துவிட்டார்கள். வெளி பெஞ்சில் காத்திருக்கச் சொன்னேன். “ஏன் அக்கா, உள்ள எடம் இருக்கே?” என்றாள் ஒருத்தி. உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். மரகதம் அக்கா எழுந்து வந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் மின்விசிறியை அண்ணன் பக்கம் திருப்பிவிட்டு, தொலைபேசியின் மணிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, செருப்பு ஓசை கேட்காமல் உள்ளே போனார்.